ஊசியை நிறுத்திய பெண்

வேலை ஆணை கைக்கு வந்ததும் உங்களுக்கு ஒரு ஜன்னலைக் காட்டி உட்காரச் சொல்வார்கள். கம்பி போட்ட ஜன்னல். கீழே ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற நமக்கு ஜனங்களை அந்த ஓட்டை வழியாகத்தான் தெரியும். முகத்தைவிடக் கைதான் அதிகம் பழக்கமாகும்.

போன வருடம் ஓய்வு பெற்றேன். புதிதாகச் சேர்ந்த பார்மசிஸ்டுகளுக்குத் திருப்பதியில் ஒரு கூட்டம் வைத்து என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். ஸ்டாக்கை எப்படி அடுக்குவது, காலாவதித் தேதியை எப்படிக் கவனிப்பது, கரண்ட் போனால் ஃப்ரிட்ஜை என்ன செய்வது என்று பேசினேன். கைதட்டினீர்கள். அதெல்லாம் ஒரு மாதத்தில் தானாக வந்துவிடும், அதற்கு நான் தேவையில்லை. நான் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். தெலுங்கில் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எனக்குக் கோபம் தமிழில்தான் ஒழுங்காக வரும். தமிழ்நாட்டு எல்லையோர மண்டலங்களுக்கு வேலைக்கு வந்திருக்கிற உங்களில் பாதிப் பேருக்காவது தமிழ் படிக்கத் தெரியும், அது போதும்.

முதலில் ஒன்று. நாட்டு மருந்து என்றதும் முகம் சுளிக்கிற பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். ஏழையும் படிக்காதவரும்தான் அங்கே போகிறார்கள் என்று நினைக்கிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கங்காதர நெல்லூர் பக்கம் போய்ப் பார்க்கவேண்டும். அந்தப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் காமாலைக்குப் பச்சிலை கொடுக்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டு வாசலில் திருப்பதிக் கார்கள் நிற்கும், காலேஜ் வாத்தியார்கள் நிற்பார்கள். எங்கள் ஆஸ்பத்திரி லேப் டெக்னீஷியனுக்குக் காமாலை வந்தது. தன் ரத்தத்தைத் தானே சோதித்து, தானே ரிப்போர்ட் எழுதி, அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுநாள் அங்கே போய் வரிசையில் நின்றார். அவரைச் சொல்வானேன், என் வீட்டுக்காரருக்கு வந்தபோது நானும்தான் கூட்டிக்கொண்டு போனேன். மாமியார் வீடு மொத்தமும் ஒரு பக்கம் நிற்கும்போது தனியாளாகச் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. அவருக்குச் சரியானது. சரியாகாமல் என்ன? நம் ஊரில் கெட்ட தண்ணீரால் வருகிற காமாலை பெரும்பாலும் ஓய்வெடுத்தால் தானாக இறங்கிவிடும். தானாக இறங்குகிற நோய்க்குப் பக்கத்தில் யார் நின்றாலும் பெயர் அவருக்குத்தான் போகும்.

அந்தப் பெரியவரின் மருந்தைவிட அவர் சொல்லும் பத்தியம் பெரியது. உப்பு கூடாது, புளி கூடாது, எண்ணெய் கூடாது, மோர்ச்சோறு மட்டும். தலைக்குத் தண்ணீர் ஊற்றிப் பத்தியம் முடிக்கிற வரைக்கும் இங்கிலீஷ் மருந்து உடம்பில் படக்கூடாது. பட்டால் பச்சிலை முறிந்துவிடும். நாம் இதைக் கேட்டுச் சிரிக்கிறோம். ஜனங்களுக்கோ பத்தியம்தான் மருந்துக்குச் சாட்சி. எதையும் விடச் சொல்லாத மருந்தை அவர்கள் நம்புவதில்லை. நாம் என்ன செய்கிறோம்? மாத்திரையைக் காகிதத்தில் சுற்றி, ‘சாப்பிட்டதும் போட்டுக்கோங்க’ என்று அரை வாக்கியம் சொல்லி, அடுத்த ஆளைக் கூப்பிடுகிறோம். அங்கே ஒருவர் நோயாளியின் கண்ணைப் பார்த்து இதைச் செய், இதைச் செய்யாதே என்று பொறுமையாகச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்போது ரேவதியின் கதை. பெயர்களை மாற்றியிருக்கிறேன், இது உங்களோடு இருக்கட்டும்.

நகரிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் இருந்தபோது, எங்கள் கட்டடத்துக்கு இரண்டு தெரு தள்ளி அவள் வீடு. அப்பாவும் அம்மாவும் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். ரேவதிக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. மாத்திரைக்கு அடங்குகிற சர்க்கரை இல்லை அது. தினம் காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட்டே ஆகவேண்டிய வகை. நிறுத்தினால் சில நாளிலேயே உயிருக்கு ஆபத்து. அவள் பாவாடை கட்டிக்கொண்டு வந்த காலத்திலிருந்து இருபது வயது வரைக்கும் மாதாமாதம் என் ஜன்னலில்தான் மருந்து வாங்கினாள். தைரியசாலி. தன் ஊசியைத் தானே போட்டுக்கொள்வாள்.

ஒரு மாதம் அவளுக்குப் பதிலாக அம்மா மஞ்சுளா வந்தாள்.

“இந்த மாசம் ஊசி மருந்து வேணாம் மேடம்.”

“ஏன்?”

“புள்ளைக்கு காமாலை. பச்சிலை குடுத்துக்கினு வந்தோம். இப்ப பத்தியத்துல இருக்குது.”

‘பச்சிலை கொடுங்கள், மோர்ச்சோறு போடுங்கள், ஊசியை மட்டும் நிறுத்தாதீர்கள்’ என்று கெஞ்சினேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்து எங்கள் டாக்டர் வந்தார். வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, சின்ன வயது, நல்ல படிப்பு. விஷயம் காதில் விழுந்ததும் கொதித்துப் போனார். “நீ அம்மாவா பேயா? பொண்ண சாகடிக்கப் பாக்குறியா? போலீஸ்ல சொல்லட்டுமா?” என்று வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்தினார். மஞ்சுளா உடனே, “சரி சார், போட்டுடறேன் சார்” என்று சொல்லி இன்சுலின் புட்டியை வாங்கிக்கொண்டு போனாள். டாக்டர் ஜெயித்துவிட்ட மாதிரி என்னைப் பார்த்தார். மதியம் நான் சாப்பிட வெளியே வந்தபோது அந்தப் புட்டி வாசல் பெஞ்சின் மேல் இருந்தது.

கத்தாதீர்கள் என்று உங்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் நீங்கள் கத்தத்தான் போகிறீர்கள். பயம் வந்தால் கோபம் வரும், எனக்கும் வரும். ஆனால் கத்தினால் ஜனங்கள் நாட்டு மருந்தை விடமாட்டார்கள், நம்மிடம் சொல்வதைத்தான் விடுவார்கள்.

மறுநாள் காலை ரேவதி பின்வாசல் வழியாக வந்தாள். கண் மஞ்சளாக இருந்தது, உதடு காய்ந்து வெடித்திருந்தது.

“அம்மா தறிக்குப் போயிட்டாங்க மேடம். எனக்கு ஊசி குடுங்க. நேத்துலேர்ந்து எவ்ளோ தண்ணி குடிச்சாலும் தாகம் அடங்கல.”

டாக்டரைக் கூப்பிட்டேன். அவரைத் திட்டியே எழுதிக்கொண்டிருக்கிறேன், ஆகவே இதையும் சொல்லவேண்டும், ஓடி வந்தார். பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியில் சேர் என்றார். ரேவதி ஒரேயடியாக மறுத்தாள்.

“சேத்தீங்கன்னா அம்மா வந்து கூட்டிக்கினு பூடுவாங்க சார். அப்பால இந்தப் பக்கமே வுடமாட்டாங்க. நீ ஊசி போட்டேன்னா நான் உசுரோட இருக்கமாட்டேன்னு சொல்லிக்கினு இருக்காங்க. நைனாவும் அவங்க பக்கந்தான். நானே வந்து இங்கியே போட்டுக்கினு போறேன். அவங்களுக்குத் தெரிய வேணாம்.”

டாக்டர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பெண் மேஜர். அவள் உடம்பு, அவள் கேட்கிறாள். அளவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் அவர். மருந்தும் இடமும் நான் கொடுத்தேன். அம்மா தறிக்குப் போனதும் ஒரு தடவை, சாயங்காலம் அவள் திரும்புவதற்குள் ஒரு தடவை, மருந்து அலமாரிகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ரேவதி ஊசி போட்டுக்கொண்டாள். உப்பில்லாத மோர்ச்சோற்றைத் தின்று வாய் செத்துப்போன பெண், என் டிபன் டப்பாவில் இருந்த ஊறுகாயைப் பார்த்துக்கொண்டே போடுவாள். ஒரு நாள் கூடத் தவறவில்லை. காமாலை இறங்கியது, ஓய்வினால். சர்க்கரை ஏறவில்லை, ஊசியினால். நாங்கள் ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று எனக்கும் டாக்டருக்கும் உள்ளூரப் பெருமை. அந்தப் பெருமை தலைக்கு ஊற்றிப் பத்தியம் முடித்த நாள் வரைக்கும் இருந்தது.

மறுநாள் மஞ்சுளா ஒரு பொட்டலம் மைசூர்பாகோடு ஜன்னலுக்கு வந்தாள். பின்னால் ரேவதி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“துன்னுங்க மேடம். நீங்களும் டாக்டரும் அன்னிக்கு இன்னா பயம் காட்டுனீங்க! ஒரு ஊசி இல்ல, ஒண்ணு இல்ல. எம் பொண்ணு எப்படி நிக்குது பாருங்க. பச்சிலை காமாலையோட சுகரையும் சேத்து எடுத்துக்கினு போயிடுச்சு.”

நான் ரேவதியைப் பார்த்தேன். அவள் திரும்பவே இல்லை. நோயாளி சொல்லாத ரகசியத்தை நான் சொல்லக்கூடாது, வேலைக்கு வந்த முதல் நாள் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். மைசூர்பாகை வாங்கி வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் பின்வாசல் வழியாக வந்தவளைப் பிடித்துக்கொண்டேன். “பத்தியம்தான் முடிஞ்சிடுச்சே, இனிமே சொல்றதுக்கு என்ன?” என்று கேட்டேன். ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே சொன்னாள்.

“புத்தூர்லேர்ந்து ஒரு எடம் வந்திருக்குது மேடம். இதுக்கு முன்னாடி வந்தவங்க எல்லாம் தெனம் ஊசின்னு கேட்டதும் எழுந்து பூட்டாங்க. இப்ப அம்மா, சுகர் குணமாயிடுச்சுன்னு சொன்னாங்க. உடனே பூ வெச்சிட்டுப் பூட்டாங்க.”

“நாளைக்குப் புருஷன் வீட்டுல என்ன செய்வே?”

“இங்க பண்ற மாதிரிதான். எங்கியாவது ஒளிச்சி வெச்சிப் போட்டுக்குவேன்.”

நன்றாகத் திட்டினேன். திட்டிவிட்டு வீட்டுக்குப் போய் யோசித்தபோது அவள் மேல் வந்த கோபம் எங்கள் மேல் திரும்பியது. அத்தனை வருடம் எங்களிடம் வந்தவளுக்கு நாங்கள் ஒரு தடவையாவது ‘குணம்’ என்ற சொல்லைச் சொல்லியிருக்கிறோமா? ஆயுசு முழுக்க ஊசி, ஆயுசு முழுக்க டெஸ்ட், இதைத்தான் சொன்னோம். அது உண்மை. ஆனால் பெண் பார்க்க வருகிறவர்களிடம் அந்த உண்மையை வைத்துக்கொண்டு அவள் அம்மா என்ன செய்வாள்? பச்சிலைக்காரரிடம் போனால் ஒரு தொடக்கம் இருக்கிறது, ஒரு முடிவு இருக்கிறது, தலைக்கு ஊற்றினதும் எல்லாம் தீர்ந்தது என்று ஊருக்குச் சொல்லலாம். மூட நம்பிக்கை என்று ஒரே சொல்லில் நாம் தள்ளிவிடுவது எவ்வளவு வசதியாக இருக்கிறது பாருங்கள்.

மஞ்சுளா சும்மா இருக்கவில்லை. தறிக்கூடத்தில் சொன்னாள், ரேஷன் கடையில் சொன்னாள், நகரி ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றவர்களிடம் சொன்னாள். ஊசியை நிறுத்திய பெண் என்று ரேவதிக்குப் பெயர் வந்துவிட்டது. கொஞ்ச நாளில் கங்காதர நெல்லூர்ப் பக்கத்து வாசலில் காமாலைக்காரர்களைவிடச் சர்க்கரைக்காரர்கள் அதிகமாக நிற்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள் கொஞ்ச நாள் நிறுத்தினால் உடனே விழுந்துவிடமாட்டார்கள். இன்சுலினில் இருக்கிற குழந்தைகள் அப்படி இல்லை. எனக்குத் தூக்கம் போனது. ஒரு லீவு நாளில் பஸ் பிடித்து அவரையே பார்க்கப் போனேன்.

நான் எதிர்பார்த்துப் போனது ஒரு பித்தலாட்டக்காரரை. அங்கே இருந்தவர் வெள்ளை வேட்டி கட்டிய, களைத்துப்போன ஒரு விவசாயி. நான் யார் என்று சொன்னதும் நாற்காலி போட்டு மோர் கொடுத்தார்.

“சுகருக்கு நான் இன்னிக்கு வரிக்கும் மருந்து குடுத்ததில்ல தாயீ. காமாலைக்குத்தான் குடுக்கறேன். ஜனங்களா வந்து ஒக்காந்துக்கினா நான் இன்னா பண்றது? இல்லன்னு சொன்னா அழுவுறாங்க.”

“ஊசிய நிறுத்தாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் சொன்னா கேக்கமாட்டாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பத்தியத்த நான் தளத்துனா, இந்தாளுகிட்ட இப்ப சக்தி இல்லன்னு சொல்லிக்கினு வேற எடத்துக்குப் பூடுவாங்க. அங்க இன்னாத்த அரைச்சிக் குடுப்பானோ. எங்கிட்டன்னா எலையாவது நல்ல எலை.”

மோர் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன். வருகிற வழியெல்லாம் அவரை வைதேன். ரேவதி விஷயத்தை அவரிடம் உடைத்துச் சொல்லியிருந்தால் ஒருவேளை மனம் மாறியிருப்பார். ஆனால் அவள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அந்த நாள் வந்தது. வரதய்யபாளையம் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி, கூட அவர்களுடைய ஆறு வயதுப் பெண் குழந்தை. விவசாயக் குடும்பம். அந்த அம்மாவுக்குத் தாய்வீடு எங்கள் ஊர், அதனால் குழந்தையின் இன்சுலினை இங்கேதான் வாங்குவார்கள். அன்றைக்கு வாங்க வரவில்லை, திருப்பிக் கொடுக்க வந்திருந்தார்கள். ஈரத்துணியில் சுற்றி, பத்திரமாக எடுத்துக்கொண்டு வந்து ஜன்னலில் வைத்தார் அந்த அப்பா.

“வூட்டுல வெச்சிருந்தா வீணாப் பூடும் மேடம். வேற யாரு புள்ளைக்காவது ஆவட்டும்.”

இப்படிப்பட்ட நல்ல மனுஷர். அதுதான் இன்றைக்கும் என் வயிற்றை எரிக்கிறது. வெளியே குழந்தை ஒரு காலில் குதித்து விளையாடிக்கொண்டிருந்தது. அப்படியே எல்லாரும் பச்சிலைக்குப் போகப்போகிறார்கள்.

சொன்னேன். எப்படியெல்லாமோ சொன்னேன். நான் பேசி முடிக்கிற வரைக்கும் மரியாதையாகக் கேட்டார். பிறகு சிரித்துக்கொண்டே, “உங்க ஊரு பொண்ணு மேடம். ரேவதின்னு பேரு கூட சொன்னாங்க. ஊசிய நிறுத்திட்டு இப்ப கல்யாணமே பண்ணிக்கப்போவுதாம். உங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டார்.

அந்த ரேவதி எனக்குப் பின்னால், அலமாரிகளுக்கு நடுவில், அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். சாயங்கால ஊசிக்கு வந்தவள். வரிசையில் பத்துப் பதினைந்து பேர், எல்லாரும் ஊர்க்காரர்கள். அவளுக்குப் பார்த்த மாப்பிள்ளையின் அத்தையே அந்த வரிசையில் முட்டிவலி மாத்திரைக்கு நின்றுகொண்டிருந்தாள். நான் திரும்பாமல், கையை மட்டும் பின்னால் காட்டி, வெளியே வராதே என்று சைகை செய்தேன். எனக்கு அந்த நேரத்தில் அவள் கல்யாணம்தான் கண்ணில் நின்றது.

ரேவதி வந்துவிட்டாள். பக்கக் கதவைத் திறந்துகொண்டு நேராக வரிசைக்கு முன்னால் போய் நின்றாள்.

“நான்தாங்க அந்தப் பொண்ணு. ஒரு நாளு கூட ஊசிய நிறுத்தல. அம்மாவுக்குத் தெரியாம இங்க வந்து போட்டுக்கினு இருக்கேன். பாருங்க.”

சட்டையை ஓரமாக விலக்கி, எல்லாரும் பார்க்க, வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டாள். ஆண்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அத்தை மாத்திரை வாங்காமலே கிளம்பிவிட்டாள். “குழந்தைக்கு நிறுத்தாதீங்க அண்ணா, செத்துடும்” என்று ரேவதி சொன்னபோதுதான் அவள் குரல் உடைந்தது.

என் வேலைக்காலத்தில் இதைவிடப் பெரிய தைரியத்தை நான் பார்த்ததில்லை. இதற்கு மேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்? அந்த மனிதர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது.

“ஐயோ பாவம்” என்றார். “அதாம்மா உனக்கு நோய முழுசா எடுக்கல. நடுவுல ஊசி போட்டு மருந்த முறிச்சிக்கினே. சின்னப் பொண்ணு, உனக்கு யாரும் எடுத்துச் சொல்லல. எங்க புள்ளைக்கு நாங்க பத்தியத்த ஒழுங்கா பாத்துக்கறோம்.”

குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். அந்த அம்மாவும் பின்னாலேயே போனாள். ரேவதி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜன்னலுக்கு உள்ளே நான் அழுதுகொண்டிருந்தேன், துக்கத்தால் இல்லை, ஆத்திரத்தால்.

கொஞ்ச நேரத்தில் ஓட்டை வழியாக ஒரு கை உள்ளே வந்தது. அந்தக் குழந்தையின் அம்மா. மூச்சு வாங்க ஓடி வந்திருந்தாள்.

“பொம்மைய மறந்துட்டேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். சீக்கிரம் குடுங்க மேடம். அந்தப் பொண்ணு போட்டுக்கினத பாத்தேன். எனக்குப் போதும். அவருக்குத் தெரிய வேணாம்.”

கொடுத்தேன். ஈரத்துணியோடு வாங்கிப் பைக்குள் கீரைக்கட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு ஓடினாள். மாதாமாதம் தாய்வீட்டுக்கு வருகிற சாக்கில் வந்து வாங்கிக்கொண்டு போவாள். கிணற்றடியில், மாட்டுக்கொட்டகையில், எங்கெங்கேயோ வைத்துப் போட்டாள். குழந்தை பிழைத்தது.

புத்தூர்க்காரர்கள் அன்று ராத்திரியே போனில் முடித்துக்கொண்டார்கள். மறுநாள் மஞ்சுளா வந்து என் ஜன்னலுக்கு முன்னால் மண்ணை வாரித் தூற்றினாள். “எம் பொண்ணு குணமாயிருந்துச்சு. நீதான் ஊசிய குடுத்துக் கெடுத்தே. நீ நல்லா இருப்பியா?” என்று கேட்டாள். வரிசையில் நின்றவர்கள் அவளைத்தான் பரிதாபமாகப் பார்த்தார்கள், என்னை இல்லை. ரேவதி இப்போது திருப்பதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள். அம்மா அவளோடு பேசுவதில்லை. எப்போதாவது எனக்குப் போன் செய்வாள். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டாள், அந்தக் குழந்தை எப்படி இருக்கிறது என்றுதான் கேட்பாள். நன்றாக இருக்கிறது என்று சொல்வேன். அது பொய்யில்லை.

இத்தோடு நிறுத்தியிருப்பேன். போன வாரம் உங்கள் கூட்டத்தில் பேசிவிட்டுத் திருப்பதியிலிருந்து நகரிக்குப் பஸ்ஸில் வந்தபோது பக்கத்து இருக்கையில் ஒரு சின்ன வயதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். பேச்சுக் கொடுத்தேன். எட்டு வயது மகனுக்குப் புதிதாக இன்சுலின் ஆரம்பித்திருக்கிறார்களாம். புருஷனும் மாமியாரும் வருகிற ஞாயிற்றுக்கிழமை பச்சிலைக்குக் கூட்டிக்கொண்டு போக முடிவு செய்துவிட்டார்களாம்.

“நிஜமா குணமாவுதும்மா” என்றாள். “வரதய்யபாளையத்துல ஒரு குழந்த. அதோட நைனாவே எங்க வூட்டுக்காரர்கிட்ட சொன்னாரு. ஊசிய நிறுத்திட்டு எவ்ளோ நாளாச்சு, ஸ்கூலுக்குப் போய்க்கினு வந்துக்கினு ஜம்முனு இருக்குதாம்.”

அந்தக் குழந்தைக்கு அம்மா ஒளித்து ஊசி போடுவது எனக்கு வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அது இவள் புருஷன் காதுக்குப் போகும், அங்கிருந்து அந்த அப்பாவின் காதுக்குப் போகும், அந்தக் குழந்தைக்கு ஊசி நின்றுவிடும். சொல்லாவிட்டால் இந்தப் பையன் என்ன ஆவான்? அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நகரிப் பக்கத்து என் பழைய ஆஸ்பத்திரிக்கு வழி சொன்னேன். யார் என்ன சொன்னாலும் ஊசியை நிறுத்தாதே, வீட்டில் தெரியவேண்டாம் என்றால் பின்வாசலுக்குப் போ, அங்கே இருக்கிற பெண்ணிடம் என் பெயரைச் சொல் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனால் பெயரை இரண்டு தடவை கேட்டுக்கொண்டு இறங்கினாள்.

என் இடத்துக்கு வந்திருக்கிற பெண்ணே, அவள் வருவாள். டாக்டரிடம் சொல்லிவிட்டு, வேறு ஒன்றும் கேட்காமல் மருந்தைக் கொடு. அந்தப் பையனும் பிழைப்பான். அவன் பிழைத்ததைக் கேட்டு இன்னும் எத்தனை பேர் ஊசியை நிறுத்துவார்களோ, அவர்களை என்ன செய்வது என்று கேட்டு மட்டும் எனக்குப் போன் செய்யாதே. எனக்குத் தெரியாது.